பழைய ஜப்பானிய வாள் வாங்க நினைக்கிறீர்களா? முதலில் நல்ல வியாபாரியைத் தேடுங்கள்

பழைய ஜப்பானிய வாள் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர் இணையத்தில் 'கட்டானா' என்று தேடினால், வந்து குவிவதில் பெரும்பகுதி புதிதாகச் செய்து பழையதாகக் காட்டப்படும் அலங்காரப் பொருள்கள்தான். அவற்றைத் தாண்டி உண்மையான பழைய வாள்களை எட்டினாலும் சிக்கல் தீராது. வாளில் வெட்டியிருக்கும் கொல்லரின் கையெழுத்து போலியாக இருக்கலாம், அலகில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், தீ விபத்தில் கெட்ட வாளுக்கு மறுபடி தோய்ச்சல் (சூடேற்றி நீரில் அமிழ்த்திக் கடினமாக்குவது) கொடுத்திருக்கலாம். ஆரம்பத்தில் இவற்றை நம் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் வாளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வியாபாரியைத் தேர்ந்தெடுங்கள் என்கிறேன். தான் விற்கும் வாளின் குறையைத் தானாகவே சொல்லும் வியாபாரி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள்

ஒன்றுமே தெரியாமல் போனால், நல்ல வியாபாரி சொல்வதும் மோசமான வியாபாரி சொல்வதும் நம் காதில் ஒன்றுபோலவே விழும். அடிப்படை விஷயங்கள் அதிகமில்லை. அலகின் நீளம் 60.6 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் கட்டானா அல்லது தாச்சி. 30.3 முதல் 60.6 வரை வாக்கிஸாஷி. அதற்கும் குறைந்தால் தாந்தோ. காலத்தால் பிரித்தால், 1596க்கு முன் செய்தவை கோத்தோ, அதிலிருந்து ஏறக்குறைய 1780 வரை ஷிந்தோ, அப்புறம் 1876 வரை ஷின்ஷிந்தோ. பொது இடத்தில் வாள் அணிவதை ஜப்பானிய அரசு தடை செய்த ஆண்டு 1876. இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ வாள்கள் தனி வகை. அவற்றில் பெரும்பாலானவை எண்ணெயில் தோய்த்து எடுத்த தொழிற்சாலை எஃகு. பழைய முறையில் அடித்துச் செய்யாத அவற்றுக்கு ஜப்பானில் பதிவே கிடையாது. இவை வரலாற்றுப் பொருள்கள்தான், ஆனால் கலைப்பொருளின் விலைக்கு வாங்கக் கூடாது.

இதைப் படித்த பிறகு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். டோக்கியோவில் உவேனோவின் தேசிய அருங்காட்சியகம், ரியோகோகுவில் உள்ள வாள் அருங்காட்சியகம், ஒகாயாமா மாகாணத்தில் ஒசாஃபுனே வாள் அருங்காட்சியகம் ஆகிய மூன்றும் நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டியவை. லண்டனில் இருப்பவர்களுக்கு பிரிட்டிஷ் மியூசியமும் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியமும், அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்கு முன் குனிந்தும் நிமிர்ந்தும் பாருங்கள். விளக்கின் ஒளி அலகில் வழுக்கிக்கொண்டு போகும் ஓர் இடத்தில்தான் ஹமோன் எனப்படும் தோய்ச்சல் கோடு பளிச்சென்று தெரியும். நல்ல வாள்களை நிறையப் பார்த்த கண்ணுக்கு மோசமானது தானாக உறுத்தும். இதற்குக் குறுக்குவழி கிடையாது.

காகிதங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஜப்பானிலிருந்து விற்கப்படும் வாளுடன் இரண்டு வகைக் காகிதங்கள் வரலாம். இரண்டும் முற்றிலும் வேறு.

முதலாவது டோரோகுஷோ, அதாவது பதிவுச் சான்று. மாகாணக் கல்வி வாரியம் தருவது. அதில் பதிவு எண், வகை, நீளம், வளைவு, பிடி ஆணிக்கான துளைகளின் எண்ணிக்கை, கையெழுத்து இருந்தால் அதன் வாசகம் ஆகியவை இருக்கும். இந்த வாளை ஜப்பானில் சட்டப்படி வைத்திருக்கலாம் என்பதற்கு மட்டுமே இது அத்தாட்சி. கையெழுத்து உண்மையா பொய்யா என்பதைப் பற்றி இது எதுவும் சொல்வதில்லை. வாளில் என்ன வெட்டியிருக்கிறதோ அதை அப்படியே எழுதி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். 'அரசு பதிவு பெற்ற மாசாமுனே' என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். புகழ்பெற்ற வாள் கொல்லரான மாசாமுனே தன் வாள்களில் மிக அரிதாகவே கையெழுத்திட்டவர். அதே நேரத்தில், ஜப்பானில் இருக்கும் வாளுக்கு டோரோகுஷோ இல்லை என்றால் அது சட்டவிரோதம். 'அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்பவரிடம் வாங்கக் கூடாது.

இரண்டாவது மதிப்பீட்டுச் சான்றிதழ். இதில் அதிக மதிப்புள்ளது 1948இல் தொடங்கப்பட்ட ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கத்தின் சான்றிதழ். உலகமெங்கும் சேகரிப்பாளர்கள் இதை என்.பி.டி.எச்.கே. காகிதம் என்பார்கள். ரியோகோகு அருங்காட்சியகத்தை நடத்துவதும் இந்தச் சங்கம்தான். நான்கு படிநிலைகள் உண்டு: ஹோசோன், டோகுபெட்சு ஹோசோன், ஜூயோ, டோகுபெட்சு ஜூயோ. முதல் வாளுக்கு ஹோசோன் போதும். கையெழுத்து உண்மையானது, அல்லது கையெழுத்தில்லாத வாள் என்றால் இன்ன கொல்லருக்கோ மரபுக்கோ உரியது என்று குழு ஒன்று நேரில் பார்த்துச் சொன்னதாக அது பொருள்படும். ஜூயோ நிலை வாள்கள் பல பத்து லட்சம் யென் விலை போகும். அதைத் தொடக்கத்திலேயே எட்டிப் பிடிக்க வேண்டியதில்லை.

1982க்கு முன் இதே சங்கம் கிச்சோ, டோகுபெட்சு கிச்சோ என்ற பெயர்களில் வேறு சான்றிதழ்கள் கொடுத்தது. அவற்றில் தவறான தீர்ப்புகளும் போலிகளும் கலந்துவிட்டன என்பது சேகரிப்பாளர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பழைய காகிதம் இருப்பதாலேயே வாள் கெட்டது என்று ஆகிவிடாது. ஆனால் பெரிய பெயர் ஒன்றின் கையெழுத்துள்ள வாள் இத்தனை ஆண்டுகளாகப் பழைய காகிதத்துடனேயே சுற்றிக்கொண்டிருந்தால், ஏன் புதிய மதிப்பீட்டுக்கு அனுப்பவில்லை என்று வியாபாரியிடம் நேராகக் கேளுங்கள். நல்ல வியாபாரி 'நான் அனுப்பிவிட்டு விற்கிறேன், தேர்ச்சி பெறாவிட்டால் பணம் திரும்ப' என்பார். மழுப்பினால் விட்டுவிடலாம். பதினேழாம் நூற்றாண்டின் கொல்லர் நாகாசோனே கொதேட்சு போன்ற பெயர்களில் போலிக் கையெழுத்துகள் ஏராளம். ஜப்பானிய வழக்கில் இதை கிமெய் என்பார்கள்.

சான்றிதழைப் பார்க்கும்போது அதில் ஒட்டியிருக்கும் படத்தையும் வாளின் நாகாகோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நாகாகோ என்பது பிடிக்குள் செருகியிருக்கும் வால்பகுதி. துளையின் இடம், துருவின் திட்டுகள், கையெழுத்தின் ஒவ்வொரு வெட்டும் பொருந்த வேண்டும். ஒரு வாளின் காகிதத்தை வேறு வாளுடன் சேர்த்து விற்கும் மோசடியும் நடக்கிறது.

வியாபாரிகள் எங்கே இருக்கிறார்கள்

தரமான கடைகள் டோக்கியோவில்தான் அதிகம். கின்சாவில் உள்ள சோஷூயா, யோயோகியில் உள்ள ஆவோய் ஆர்ட், தோரானோமோனில் உள்ள நிஹோன் தோக்கென் ஆகியவை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடையேயும் நெடுநாளாக அறியப்பட்ட பெயர்கள். இவற்றில்தான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் இப்படிப்பட்ட கடைகளின் பட்டியல்களை மாதக்கணக்கில் தொடர்ந்து பார்த்து வந்தால், எந்தத் தரத்துக்கு என்ன விலை என்பது மனதில் படிந்துவிடும். அந்தப் பழக்கத்துக்குப் பிறகு 'ஆச்சரியமான மலிவு விலை' என்ற விளம்பரம் வந்தால் உடனே சந்தேகம் வரும்.

பல கடைகளை ஒரே கூரையின் கீழ் பார்க்க வேண்டுமானால் இலையுதிர் காலத்தில் டோக்கியோவுக்குப் போங்கள். ஷிம்பாஷிக்குப் பக்கத்தில் இருக்கும் டோக்கியோ பிஜுட்சு கிளப் கட்டடத்தில் டாய் தோக்கென் இச்சி என்ற பெரிய வாள் சந்தை ஆண்டுதோறும் நடக்கிறது. நடத்துவது வாள் வியாபாரிகளின் நாடு தழுவிய கூட்டுறவுச் சங்கம். அந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதே ஒரு வியாபாரியைப் பற்றிய நல்ல அறிகுறி, ஏனென்றால் புகார் செய்ய ஓர் இடம் இருக்கிறது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ நகரங்களிலும் வாள் கண்காட்சிகள் நடக்கின்றன. பிரிட்டனில் 1964 முதல் தோக்கென் சொசைட்டி இயங்குகிறது. இத்தகைய சங்கங்களில் சேர்ந்து மூத்த சேகரிப்பாளர் ஒருவருடன் பழக்கமானால், யாரிடம் வாங்கலாம், யாரிடம் கூடாது என்பது காதில் விழுந்துவிடும். அச்சில் வராத இந்தத் தகவலை நான் எந்த விளம்பரத்தையும்விட அதிகம் நம்புவேன்.

இணையக் கடை என்றால் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஜப்பானில் பழைய பொருள் விற்பவர் எவரும் மாகாணப் பொதுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். 12 இலக்கம் கொண்ட அந்த எண்ணைத் தளத்தில் போட்டிருப்பார்கள். அதோடு, தொலைவிலிருந்து விற்பவர்களுக்கான சட்டப்படி உரிமையாளர் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை தனிப் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் எவ்வளவு அழகான படங்கள் போட்டிருந்தாலும் வேண்டாம்.

ஏலத் தளங்களைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது. கடைகளும் மதிப்பீட்டுக் குழுவும் கழித்துவிட்ட வாள்கள் பல அங்கேதான் வந்து சேர்கின்றன. அனுபவசாலிகளுக்கு அங்கே நல்ல சரக்கு கிடைக்கலாம். நமக்கு இப்போது அந்த அனுபவம் இல்லை.

கேள்வி கேளுங்கள், பதிலை எடைபோடுங்கள்

வாள் பிடித்துவிட்டது, கடையும் சரியாகப் படுகிறது. அடுத்து ஒரு கடிதம் எழுதுங்கள். சுருக்கமாக, மரியாதையாக, கீழ்க்கண்டபடி இருந்தால் போதும்:

'உங்கள் பட்டியலில் உள்ள வாக்கிஸாஷி பற்றிச் சில விவரங்கள் வேண்டும். அலகில் ஹகிரே, ஃபுகுரே, வாரே எதுவும் இருக்கிறதா? மறுதோய்ச்சல் ஆனதா? நாகாகோவின் இரு பக்கங்களையும் நேராக எடுத்த பெரிய படங்கள் அனுப்ப முடியுமா? சான்றிதழ் எந்த ஆண்டுடையது, அசல் கூடவே வருமா? திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம்? ஏற்றுமதி அனுமதிக்கான செலவு விலையில் அடங்குமா?'

இதில் முதல் கேள்விதான் உயிர்நாடி. ஹகிரே என்பது கூர் விளிம்பிலிருந்து குறுக்காக ஓடும் விரிசல். மயிரிழை அளவே இருக்கும், ஒளியில் குறிப்பிட்ட கோணத்தில் திருப்பினால் மட்டும் தெரியும். அது இருந்தால் வாளின் மதிப்பு போயே போய்விட்டது. ஃபுகுரே என்பது அடிக்கும்போது உள்ளே சிக்கிய காற்றோ கசடோ ஏற்படுத்திய கொப்புளம். வாரே என்பது மடித்து அடித்த அடுக்குகள் சரியாக ஒட்டாமல் விட்ட திறப்பு. கடைசி இரண்டும் சிறியதாக இருந்தால், பழைய கோத்தோ வாளில் பொறுத்துக்கொள்ளலாம். விலை அதற்கேற்பக் குறைந்திருக்க வேண்டும்.

மறுதோய்ச்சல் ஆன வாளை சாய்ஹா என்பார்கள். தீயில் வெந்து தோய்ச்சல் இழந்த அலகைப் பிற்காலத்தில் யாரோ மறுபடி சூடேற்றி நீரில் தோய்த்தது. அடிப்பகுதியிலிருந்து மங்கலான ஒரு நிழல் அலகின் மேல் சாய்வாக ஏறினால் சந்தேகப்படலாம். மிசுகாகே என்று அதற்குப் பெயர். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஹொரிகாவா குனிஹிரோ என்ற கொல்லரின் உண்மையான வாள்களிலும் அது இயல்பாகக் காணப்படும். இப்படிப்பட்ட நுணுக்கங்களைப் பொறுமையாக விளக்கும் வியாபாரி உங்களுக்கு ஆசிரியரும் ஆகிவிடுவார்.

பதில் எப்படி வருகிறது என்று கவனியுங்கள். 'நுனியிலிருந்து பத்து சென்டிமீட்டர் கீழே சிறிய வாரே ஒன்று இருக்கிறது, படம் இணைத்திருக்கிறேன்' என்பது நல்ல பதில். 'மிகச் சிறந்த வாள், சாமுராய் குடும்பத்திலிருந்து வந்தது, நாளைக்குள் முடிவு சொல்லுங்கள்' என்பது பதிலே இல்லை. குடும்பக் கதைகளுக்கு ஆதாரம் இல்லாவிட்டால் அவற்றுக்காக ஒரு யென்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

நாகாகோ படத்தில் துருவைப் பாருங்கள். நூற்றாண்டுகளாகப் படிந்த துரு ஆழ்ந்த கருப்பாகவோ கரும்பழுப்பாகவோ, வழவழப்பாக இருக்கும். செம்மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாக இருந்தாலோ, கையெழுத்தின் வெட்டுக்குள் மட்டும் துரு புதிதாகத் தெரிந்தாலோ, உளி பிற்காலத்தில் பட்டிருக்கலாம். யாராவது அந்தத் துருவைச் சுரண்டிப் பளபளப்பாக்கியிருந்தால் சாட்சியத்தையே அழித்துவிட்டார்கள் என்று பொருள்.

கடைக்கு நேரில் போகும்போது

முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். மோதிரம், கைக்கடிகாரம், தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். வாளை உங்கள் முன் வைத்ததும் சற்றுத் தலைவணங்கி, பார்க்கலாமா என்று கேளுங்கள். கூர் மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து, முதுகுப்பக்கம் உறையில் உரசும்படி மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். அலகில் விரல் படவே கூடாது. கையின் ஈரம் ஒரு நாளில் துருப்புள்ளியாகிவிடும். வாளுக்கு நேராகப் பேசவும் வேண்டாம், எச்சில் துளி போதும் கறை படிய. நுனியை விளக்கின் பக்கம் நீட்டி, கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே பிடித்துப் பார்த்தால் ஹமோன் திறந்துகொள்ளும். முதலில் ஒட்டுமொத்த வடிவம், அப்புறம் எஃகின் இழை, பிறகு ஹமோன், கடைசியில் நுனி என்ற வரிசையில் பாருங்கள். பிடியைக் கழற்றி நாகாகோவைக் காட்டச் சொல்வதில் தவறில்லை, ஆனால் கழற்றுவது அவர் வேலை.

சுபாவில் தொடங்கலாம்

எனக்கு ஒரு கருத்து உண்டு. கையில் பணம் குறைவாக இருப்பவரும், வாளை இறக்குமதி செய்ய முடியாத நாட்டில் இருப்பவரும் சுபாவில் தொடங்குவதே நல்லது. சுபா என்பது பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருக்கும் கைக்காப்புத் தகடு. சங்கச் சான்றிதழ் உள்ள கண்ணியமான சுபா சில பத்தாயிரம் யென்னிலிருந்து கிடைக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அந்த இரும்பில் ஒவாரி, அகாசாகா, ஹிகோ என்று ஒவ்வொரு மரபும் தனித்துத் தெரியும். ஷாகுதோ என்ற செம்புக் கலவையில் சிறிதளவு தங்கம் சேர்ந்திருக்கும். அதன் நீலக்கருமை வேறு எந்த உலோகத்திலும் வராது.

போலிகள் இங்கும் உண்டு. பெரும்பாலும் வார்ப்பு. அடையாளம் காண உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். ஊடுருவிய வேலைப்பாடு உள்ள இரும்பு சுபாவில் துளைகளின் உட்சுவரைப் பாருங்கள். கையால் அறுத்ததில் அரத்தின் கோடுகளும் கூர்மையான ஓரங்களும் இருக்கும். வார்ப்பில் ஓரங்கள் மழுங்கி, உட்சுவரில் ஊசிமுனைக் குழிகளோ அச்சு சேர்ந்த தடமோ தெரியும். நடுத்துளையைச் சுற்றி, வாளில் உண்மையாகவே பொருத்தியிருந்ததற்கான தேய்மானமும் இருக்க வேண்டும். விற்பவரிடம் பக்கவாட்டுப் படம் கேளுங்கள். முன்பக்கத்தை மட்டும் காட்டுபவர்களைத் தவிர்த்துவிடலாம்.

பணமும் சட்டமும்

வாளை ஜப்பானிலிருந்து வெளியே அனுப்ப அந்நாட்டுக் கலாசார முகமையின் அனுமதி தேவை. விண்ணப்பிப்பது வியாபாரியின் பொறுப்பு, சில வாரங்கள் ஆகும். டோரோகுஷோவை அவர் திருப்பி ஒப்படைத்துவிடுவார், அது உங்கள் கைக்கு வராது. அது வழக்கமான நடைமுறைதான், பயப்பட வேண்டாம். என்.பி.டி.எச்.கே. சான்றிதழ் மட்டும் வாளுடன் வரும். உறையிலோ துணைப்பாகங்களிலோ யானைத் தந்தம் இருந்தால் எல்லை தாண்டுவது பெரும் சிக்கல், முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வங்கி வழியாகப் பணம் அனுப்பும்போது கணக்கின் பெயரும் கடையின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி நேரத்தில் 'வேறு கணக்குக்கு அனுப்புங்கள்' என்று மின்னஞ்சல் வந்தால் தொலைபேசியில் கூப்பிட்டு உறுதி செய்யாமல் எதையும் அனுப்பாதீர்கள்.

நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டம் தனி. இந்தியாவில் வாள்கள் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்கு உட்பட்டவை. இறக்குமதிக்கு அனுமதி வேண்டும் என்பதால், ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே சுங்கத் துறையிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் எழுத்தில் பதில் கேட்டு வாங்குங்கள். பிரிட்டனில் வளைந்த வாள்களுக்கு 2008 முதல் தடை உண்டு. ஆனால் 1954க்கு முன் செய்தவையும் மரபு முறையில் கையால் செய்தவையும் அதற்கு விலக்கு. சான்றிதழ் நகலைப் பொட்டலத்துடன் இணைக்கும்படி வியாபாரியிடம் சொல்லுங்கள், சுங்கத்தில் அது உதவும்.

பொட்டலம் வந்ததும்

பிரிப்பதிலிருந்தே படம் எடுங்கள். அன்றைக்கே விளக்கடியில் வைத்து நுனி முதல் அடி வரை இரு பக்கமும் பாருங்கள், கூர் விளிம்பை ஒவ்வோர் அங்குலமாகத் திருப்பித் திருப்பி. நீளத்தை அளந்து சான்றிதழுடன் ஒப்பிடுங்கள். சொல்லாத குறை எதுவும் கண்ணில் பட்டால் திருப்பி அனுப்பும் அவகாசம் முடிவதற்குள் படத்துடன் எழுதுங்கள். நல்ல கடைகள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. எல்லாம் சரியாக இருந்தால் அலகில் மெல்லிய படலமாக எண்ணெய் தடவி, வெறும் மரத்தாலான ஷிராசாயா உறையில் வையுங்கள். வீட்டில் சாணை பிடிப்பது, மெருகு பசை தேய்ப்பது எதுவும் வேண்டாம். சாணை தேவைப்பட்டால் வாங்கிய கடையையே கேளுங்கள். அந்த வேலைக்கென்று ஆண்டுக்கணக்கில் பயின்றவர்கள் ஜப்பானில் இருக்கிறார்கள், அவர்களில் யார் உங்கள் வாளுக்குப் பொருத்தம் என்பது கடைக்காரருக்குத் தெரியும்.